ஓவிய வகுப்பில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது?

குழந்தையை ஓவிய வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தால் இரண்டு விதமான குரல்கள் கேட்கும். "படம் வரைஞ்சு என்ன ஆகப்போகுது, அந்த நேரத்துல நாலு கணக்குப் போடலாமே" என்பது ஒன்று. "ஓவியம் கத்துக்கிட்டா மூளை வளரும், கணக்கும் தானா வந்துடும்" என்பது இன்னொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுமே ஓவியத்தைக் கணக்கு மார்க்கை வைத்துத்தான் அளக்கின்றன. வரையும் நேரத்தில் குழந்தைக்குள் என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே கவனிப்பதில்லை.

அதைக் கவனிப்பது ஒன்றும் கடினமில்லை. ஒரு வெறும் தாளையும் இரண்டு மூன்று கிரேயான்களையும் குழந்தையின் முன் வைத்துவிட்டுச் சும்மா பாருங்கள். எதை வரைவது, தாளின் எந்த மூலையில் தொடங்குவது, எவ்வளவு பெரிதாக, எந்த நிறத்தில், கோணலாகப் போன கோட்டை என்ன செய்வது, எப்போது நிறுத்துவது என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் குழந்தை எதிர்கொள்ளும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே வேறு யாரிடமோ இருக்கும். இந்தக் கேள்விகளுக்கு விடை குழந்தையிடம் மட்டுமே இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் தானாக ஒரு முடிவெடுத்து, அதன் விளைவை உடனே தன் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு சின்ன வயதில் வேறு எங்கும் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. ஓர் ஓவிய வகுப்பு நல்லதா என்று தெரிந்துகொள்ள, அங்கே முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும் என்று நான் நினைக்கிறேன். கீழே வரும் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது.

கிறுக்கலில் தொடங்குகிறது

ஒன்றரை வயதுவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் கிறுக்கத் தொடங்குகிறார்கள். முதலில் அது கை அசைவின் மகிழ்ச்சி மட்டுமே. தோளிலிருந்து கை மொத்தமாக ஆடும். குழந்தை சில சமயம் தாளைப் பார்ப்பதுகூடக் கிடையாது. பிறகு ஒரு நாள் தன் கை அசைவதற்கும் தாளில் கோடு விழுவதற்கும் தொடர்பிருப்பது அதற்குப் புரிந்துவிடுகிறது. அதன்பின் கிறுக்கலின் தன்மையே மாறிவிடும். ஒரே மாதிரிக் கோடுகள் திரும்பத் திரும்ப வரும். மேலும் கீழுமாக, பக்கவாட்டில், பிறகு சுழல் சுழலாக. கண் கையைப் பின்தொடர ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்.

அமெரிக்காவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெலாக் பல்லாண்டுகளாகக் குழந்தைகளின் படங்களைச் சேர்த்தவர். அவர் சேர்த்தவை பத்து லட்சம் அளவில் இருக்கும் என்பார்கள். பல நாடுகளிலிருந்து வந்த அந்தப் படங்களைப் பார்த்து, சின்னக் குழந்தைகளின் கிறுக்கல்களை 20 அடிப்படை வடிவங்களாக அவர் வகைப்படுத்தினார். புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழல், ஒழுங்கில்லாத வட்டம் என்று போகும் அந்தப் பட்டியல். எந்த மொழி பேசும் வீட்டில் பிறந்தாலும் பேச்சுக்கு முன் மழலை வருவதுபோல, படத்துக்கு முன் கிறுக்கல் வருகிறது. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

மூன்று வயதை ஒட்டி நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. அதே சுழல் கிறுக்கலைச் சுட்டி குழந்தை திடீரென்று "இது அப்பா" என்கிறது. பார்ப்பவருக்கு அப்பாவின் சாயல் துளிகூடத் தெரியாது. நாளைக்கே அந்தக் கிறுக்கல் "இது பஸ்" என்று மாறவும் கூடும். ஆனால் அந்த நொடியில் ஒரு பெரிய தாவல் நடந்திருக்கிறது: தாளிலுள்ள ஒரு குறி, இங்கே இல்லாத ஒருவருக்குப் பதிலாக நிற்க முடியும் என்று குழந்தை கண்டுகொண்டிருக்கிறது. எழுத்து, எண், வரைபடம் எல்லாம் நிற்பது இதன்மேல்தான். "அ" என்ற வடிவம் ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டிய மனம், அதற்கு முன்பே கிறுக்கலில் அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுகிறது. அதனால் இரண்டரை வயதுக் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து, புள்ளி வைத்த எழுத்தின் மேல் எழுதச் சொல்வதைவிட, ஒரு பெரிய தாளைக் கொடுத்துக் கிறுக்க விடுவது எழுத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

தெரிந்ததை வரையும் வயது

மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் மனித உருவம் வருகிறது. ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளிகள், வட்டத்திலிருந்தே நேராகக் கீழிறங்கும் இரண்டு கால்கள். உடல் இருக்காது; கை இருந்தால் தலையிலிருந்து முளைத்திருக்கும். இந்த உருவத்தைத் தலைப்பிரட்டை மனிதன் என்பார்கள். உடல் என்று ஒன்று இருப்பது குழந்தைக்குத் தெரியாமலில்லை. வயிறு எங்கே என்று கேட்டால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டும். ஒருவரை அடையாளம் காண முகமும், நடமாட்டத்துக்குக் காலும் போதும் என்று அது முடிவு செய்திருக்கிறது. "வயிறு எங்கடா போச்சு?" என்று சிரிப்பதால் பயனில்லை. சில மாதங்களில் அந்த வயிறு தானாக வந்து சேரும்.

அடுத்த சில ஆண்டுகளின் படங்களில் பெரியவர்கள் பிழை என்று நினைக்கும் பல விஷயங்கள் வரும். வீட்டின் சுவர் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். உள்ளே கட்டில், மேசை, தூங்கும் பூனை எல்லாம் இருக்கும். மேசை மேலிருந்து பார்த்ததுபோலவும் அதன் நான்கு கால்கள் நான்கு பக்கம் விரிந்தும் இருக்கும். அம்மா வீட்டைவிட உயரமாக நிற்பார். வானம் தாளின் மேல் ஓரத்தில் ஒரு நீலப் பட்டையாகவும் தரை கீழே ஒரு கோடாகவும் இருக்க, நடுவில் வெறும் வெள்ளை.

இதற்கு ஒரு விளக்கத்தை பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே 1927இல் வெளியிட்ட நூலில் கொடுத்தார். சின்னக் குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது அதன் சாரம். வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரியும், அதனால் வரைகிறது. மேசைக்கு நான்கு கால் என்பது தெரியும், அதனால் நான்கும் வந்தாக வேண்டும்.

1972இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான குழந்தைகளின் முன் ஒரு கோப்பையை வைத்தார்கள். கைப்பிடி பின்புறம் மறைந்திருக்கும்படி, முன்புறம் ஒரு பூப்படம் தெரியும்படி வைத்து, தெரிவதை வரையச் சொன்னார்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரும்பாலும் கண்ணில் படாத கைப்பிடியை வரைந்தார்கள். கண்ணெதிரே இருந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டுப் பூவை வரைந்தார்கள். சின்னவர்களின் பார்வையில் கோளாறு எதுவும் இல்லை. "கோப்பை என்றால் என்ன" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி இல்லாவிட்டால் அது கிண்ணமோ டம்ளரோ ஆகிவிடும். பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோப்பை கோப்பைதான்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ஓவிய வகுப்பைப் பற்றிய நம் பார்வை பெரிதும் மாறும். ஆறு வயதுக் குழந்தையின் படத்தைப் பார்த்து "மேசை அப்படி இருக்காது, இப்படித்தான் இருக்கும்" என்று திருத்துபவர், அதன் சிந்தனைக்கு மேல் தன் பார்வையை ஒட்டுகிறார். திருத்திய படம் அழகாக இருக்கலாம். ஆனால் மேசையைப் பற்றி யோசித்த வேலையைக் குழந்தையிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் இந்த வளர்ச்சியைப் படிநிலைகளாக எழுதினார். இன்றும் ஓவிய ஆசிரியர்களின் பயிற்சியில் அவை இடம்பெறுகின்றன. இரண்டு முதல் நான்கு வயது கிறுக்கல் பருவம்; நான்கிலிருந்து ஏழு, உருவங்கள் தோன்றும் பருவம்; ஏழிலிருந்து ஒன்பது, மனிதனுக்கு இன்ன வடிவம், மரத்துக்கு இன்ன வடிவம் என்று குழந்தை தனக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொள்ளும் பருவம்; ஒன்பதுக்குப் பிறகு நிஜம் போலவே வர வேண்டும் என்ற ஆசை எழும் பருவம். வயதுக் கணக்கைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குழந்தை ஆறு மாதம் முன்னே இருக்கும், இன்னொன்று ஒரு வருடம் பின்னே வரும். வரிசை ஏறக்குறைய இப்படித்தான் போகும் என்பதே முக்கியம்.

"எனக்கு வரைய வராது"

ஒன்பது, பத்து வயதில் ஒரு சங்கடம் வருகிறது. அதுவரை பக்கம் பக்கமாக வரைந்து தள்ளிய குழந்தை அழிரப்பரைக் கையில் எடுக்கிறது. வரைவதும் அழிப்பதுமாகத் தாள் கிழிகிறது. பக்கத்து மாணவனின் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் படத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறது. கடைசியில் "எனக்கு வரைய வராது" என்று வைத்துவிடுகிறது. உலகத்தில் பெரும்பாலான பெரியவர்களின் ஓவியம் இந்த வயதோடு நின்றுபோய்விட்டது. நாற்பது வயதுக்காரரிடம் ஒரு ஆளை வரையச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை வரைந்தது மாதிரியே வருவதற்குக் காரணம் இதுதான்.

நடந்தது என்னவென்றால், குழந்தையின் கண் முன்னேறிவிட்டது, கை இன்னும் வந்து சேரவில்லை. தன் படத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி இப்போதுதான் அதற்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. அதாவது இது வளர்ச்சியின் அடையாளம். ஆனால் குழந்தைக்கு அது தோல்வியாகத் தெரிகிறது.

ஓவிய வகுப்பு மிக அதிகம் தேவைப்படுவது இந்த வயதில்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு முன் கொடுக்க வேண்டியது பொருளும் நேரமும் சுதந்திரமும். இப்போது கற்றுக்கொடுக்க வேண்டும். தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து அதன் விளிம்போடு பென்சிலை மெதுவாக நகர்த்துவது. நாற்காலியை வரைவதற்குப் பதில் நாற்காலிக் கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களின் வடிவத்தை வரைவது. தூரத்தில் இருப்பது ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பது. இரண்டு நிறங்களைக் கலந்து, கண் பார்க்கும் பச்சையை வரவைப்பது. இவை எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழகினால் வரும் திறமைகள். "பிறவியிலேயே வரணும்" என்ற எண்ணம் உடைவது இங்கேதான். தனக்கு வராது என்று நினைத்த ஒன்று நாலைந்து வாரப் பயிற்சியில் கொஞ்சம் வர ஆரம்பிப்பதைப் பார்த்த குழந்தை, அந்த அனுபவத்தை மற்ற பாடங்களுக்கும் எடுத்துப்போக வாய்ப்பு உண்டு.

கையும் கண்ணும்

உடல் வளர்ச்சியைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதில் கிரேயானைக் கை முழுவதும் மூடிப் பிடிக்கும் குழந்தை, மெல்ல விரல்களுக்குக் கொண்டுவந்து, நான்கு முதல் ஆறு வயதுக்குள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கப் பழகுகிறது. வட்டத்தைப் பார்த்து வரைவது மூன்று வயதை ஒட்டியும், கூட்டல் குறி நான்கை ஒட்டியும், சதுரம் நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலும், முக்கோணம் ஐந்தை ஒட்டியும் வரும். முக்கோணம் தாமதமாக வரக் காரணம் அதன் சாய்கோடுகள். நேர்கோட்டைவிடச் சாய்கோட்டுக்குக் கை அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் பயன்படும் சில விஷயங்கள். சின்னக் குழந்தைக்கு நீளமான மெல்லிய பென்சிலைவிட, உடைந்த சிறு துண்டு கிரேயான் நல்லது. துண்டு சிறிதாக இருப்பதால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும், பிடி தானாகச் சரியாகும். தாளைச் சுவரில் ஒட்டியோ சாய்வுப் பலகையில் வைத்தோ வரையவிட்டால் தோளும் மணிக்கட்டும் உறுதிப்படும். களிமண்ணைப் பிசைவது விரல்களுக்குத் தரும் வலுவைத் தாளும் பென்சிலும் தர முடியாது. கத்தரிக்கோலால் வெட்டும்போது ஒரு கை வெட்ட, இன்னொரு கை தாளைத் திருப்பிக்கொடுக்க வேண்டும்; இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்யும் இந்தப் பழக்கம் பொத்தான் போடுவது முதல் எல்லாவற்றுக்கும் வேண்டும். முனை மழுங்கிய சிறுவர் கத்தரிக்கோல், நச்சில்லை என்று குறிப்பிட்ட வண்ணங்கள் என்பது சொல்லாமலே தெரியும்.

கண் தெரியாத குழந்தைகளுக்கும் ஓவிய வகுப்பு உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மேலே சொன்ன லோவன்ஃபெல்ட் தன் இளவயதில் வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கலை கற்றுக்கொடுத்தவர். களிமண்ணில் முகத்தைச் செய்யும்போது அவர்கள் தொட்டறிந்ததையும் உடலால் உணர்ந்ததையும் உருவமாக்கினார்கள். எல்லாரும் கண்ணை மட்டும் நம்பிக் கலை செய்வதில்லை என்ற அவருடைய கருத்துக்கு அந்த அனுபவம் பெரிய அடித்தளம்.

யோசிப்பதும் உணர்வதும்

நல்ல ஓவிய வகுப்பில் உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்? ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர், லோயிஸ் ஹெட்லாண்டும் எலன் வின்னரும் அவர்களில் இருவர், கலைக்கு முக்கியத்துவம் தரும் உயர்நிலைப் பள்ளிகளின் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து எட்டு மனப்பழக்கங்களைக் கண்டு 2007இல் எழுதினார்கள். கருவிகளைக் கையாளும் திறமை அதில் ஒன்றுதான். மற்றவை: சலிக்காமல் ஒரு வேலையில் தங்குவது, இல்லாததை மனதில் பார்ப்பது, சொல்ல நினைப்பதை வெளிப்படுத்துவது, கூர்ந்து நோக்குவது, செய்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது, தெரியாததைத் துணிந்து செய்து பார்ப்பது, கலை உலகத்தையும் அதில் தன் இடத்தையும் அறிவது. அவர்கள் பார்த்தது பதின்வயதினரை என்றாலும், இவற்றில் பலவற்றின் முளையை நான்கு வயதிலேயே காணலாம்.

உதாரணத்துக்கு, நீர்வண்ணத்தில் வேலை செய்யும் ஏழு வயதுச் சிறுமியின் சூரியனில் பக்கத்து நீலம் வழிந்துவிட்டது. மஞ்சள் பச்சையாகிவிட்டது. அவள் முன் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. புதுத் தாள் கேட்கலாம், காயவிட்டு மேலே அடர்த்தியாகப் பூசலாம், சூரியனை மரமாக்கிவிடலாம், அப்படியே விடலாம், அழலாம். கணக்கில் தவறான விடைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அத்தோடு முடிந்தது. இங்கே தவறு நடந்த இடத்திலிருந்தே அடுத்த யோசனை பிறக்கிறது. ஆசிரியர் அந்த நேரத்தில் பிரஷை வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் படம் பிழைக்கும். "இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் குழந்தை வளரும்.

மொழிக்கும் இங்கே வேலை இருக்கிறது. மூன்று முதல் ஆறு வயதுவரையான குழந்தைகளிடம், தாங்கள் மகிழ்ந்த, வருந்திய, பயந்த நேரங்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு குழு வாயால் மட்டும் சொன்னது. இன்னொரு குழு வரைந்துகொண்டே சொன்னது. 1998இல் வெளியான இந்த ஆய்வில், வரைந்துகொண்டே பேசியவர்கள் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் தகவல் சொன்னார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கை ஏதோ செய்துகொண்டிருக்கிறது, நினைவு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. பேசத் தயங்கும் குழந்தையோடு உரையாட விரும்பும் எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

இன்னொரு கண்டுபிடிப்பு நம் வழக்கமான எண்ணத்துக்கு மாறானது. மனம் வருந்தியிருக்கும் குழந்தை அந்த வருத்தத்தையே வரைந்து கொட்டித் தீர்த்தால் லேசாகும் என்றுதான் நினைப்போம். ஜெனிஃபர் டிரேக்கும் எலன் வின்னரும் ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வருத்தமான நிகழ்வை வரைந்தவர்களைவிட, அதற்குச் சம்பந்தமில்லாத வேறொன்றை வரைந்தவர்களின் மனநிலைதான் அதிகம் தேறியது. அதனால் சோர்ந்திருக்கும் குழந்தையை "மனசுல இருக்கறதை வரை" என்று வற்புறுத்த வேண்டியதில்லை. அது ஒரு விண்கலத்தை வரைய விரும்பினால் விண்கலத்தை வரையட்டும்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறத்தை அதிகம் பயன்படுத்தினால் மனச்சோர்வு, கையில்லாமல் வரைந்தால் பயம், அப்பாவைச் சிறிதாக வரைந்தால் வெறுப்பு என்று படத்தைப் பார்த்து ஜாதகம் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒரு தனிப் படத்தைக் கொண்டு அப்படி முடிவுகட்ட ஆதாரம் கிடையாது. கறுப்புக் கிரேயான் மட்டும்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும். குழந்தையின் நடத்தையிலோ தூக்கத்திலோ உணவிலோ மாற்றம் தெரிந்தால் அதற்கான நிபுணரிடம் போக வேண்டும். படத்தைத் துப்பறியும் வேலை நமக்கு வேண்டாம்.

மார்க் கூடுமா?

கேட்காமல் விட மாட்டார்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். ஓவியம் கற்றால் கணக்கும் அறிவியலும் தானாக வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எலன் வின்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இது. கலை படித்த மாணவர்கள் நல்ல மதிப்பெண் எடுத்ததாகக் காட்டிய பல ஆய்வுகளில், நன்றாகப் படிக்கும் மாணவர்களே கலையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதும் ஒரு சாத்தியம். நாடகத்தில் நடிப்பது மொழித் திறனுக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. ஓவியத்துக்கு அப்படி எதுவும் அப்போது கிடைக்கவில்லை. அந்த ஆய்வாளர்களே கலைக் கல்வியை மிகவும் நேசிப்பவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. கலையை மார்க்குக்கு ஊன்றுகோலாக விற்றால், மார்க் வராத நாளில் கலையையும் தூக்கிப்போட்டுவிடுவார்கள் என்பதுதான் அவர்களின் கவலை. எனக்கும் அதே கவலை உண்டு.

அதன்பின் வந்த சில ஆய்வுகள் கவனமாகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஓவியம், இசை, நடனம், நாடகம் என்று கலை வாய்ப்புகளை அதிகப்படுத்தினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் அடங்குவர். 2019இல் வந்த முடிவின்படி, கலை கூடுதலாகக் கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு மீறல்கள் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. எழுத்துத் தேர்வில் ஓரளவு முன்னேற்றமும், பிறர்மீது கரிசனத்தில் சிறு உயர்வும் தெரிந்தன. குலுக்கல் முறை என்பதால், "நல்ல மாணவர்களே சேர்ந்திருப்பார்கள்" என்ற சந்தேகத்துக்கு இதில் இடம் குறைவு. ஆனால் இது எல்லாக் கலைகளும் சேர்ந்த விளைவு, ஓவியத்தை மட்டும் வைத்துச் சொன்னதில்லை.

பார்ப்பதும் ஒரு பயிற்சிதான் என்று காட்டிய இன்னொரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் 2011இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்துக்கு வர விரும்பிய பள்ளிகள் ஏராளம். எந்தப் பள்ளி முதலில் வரும் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். 123 பள்ளிகளின் ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆய்வு செய்தபோது, அரை நாள் போய் ஓவியங்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர்கள், வாரங்கள் கழித்து அதுவரை பார்த்திராத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது மற்றவர்களைவிடக் கூர்ந்து கவனித்துக் காரணத்தோடு எழுதினார்கள். இந்தப் பயன் கிராமப்புற மாணவர்களுக்கும் வசதி குறைந்த பள்ளி மாணவர்களுக்கும் இன்னும் அதிகமாக இருந்தது. ஒரே ஒரு பயணம்தான்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

1897இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் குழந்தைகளுக்கென்று ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். ஓவியப் பாடம் என்றால் ஆசிரியர் வைத்த மாதிரியை அச்சு அசலாக நகலெடுப்பதுதான் என்றிருந்த காலம் அது. குழந்தை குழந்தையாகவே வரையட்டும் என்று அவர் விட்டார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. இன்றும் பல வகுப்புகளில் கரும்பலகையில் ஒரு படம், கீழே அதே மாதிரி இருபது படங்கள்.

அதனால் சேர்க்கும் முன் அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். எல்லா வீடும் ஒரே கூரையோடு, எல்லா மலையும் நடுவில் உதிக்கும் ஒரே சூரியனோடு இருந்தால், அங்கே முடிவெடுத்தவர் ஒரே ஒருவர். படங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், சில அழகாகவும் சில புரியாமலும் இருந்தால் நம்பிச் சேர்க்கலாம். ஆசிரியரின் கை குழந்தையின் தாளில் படுகிறதா என்றும் கவனியுங்கள். உத்தியைக் காட்ட நல்ல ஆசிரியர் தனக்கென ஒரு தனித் தாளை வைத்துக்கொள்வார். ஓவியத்தோடு களிமண், ஒட்டுவேலை, அச்சுப்பதிப்பு என்று பொருள்கள் மாறி மாறி வந்தால் இன்னும் நல்லது. பென்சில் பிடிக்காத குழந்தை மண்ணில் மலர்ந்துவிடும்.

கலரிங் புத்தகம் கெட்டதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கோட்டுக்குள் நிறம் தீட்டுவது கைக்கு நல்ல பயிற்சி, சில குழந்தைகளுக்கு அமைதியும் தரும். ஆனால் எதை வரைவது, எங்கே, எவ்வளவு பெரிதாக என்ற முடிவுகளெல்லாம் அச்சடித்தவரிடமே இருக்கின்றன. குழந்தைக்கு மிச்சம் நிறம் மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் இருக்கட்டும், வகுப்பு முழுவதும் அதுவே என்றால் பணம் வீண். டேப்லெட்டில் வரைவதைப் பற்றியும் ஏறக்குறைய இதையே சொல்வேன்: பதின்வயதினருக்கு அருமையான கருவி, நான்கு வயதுக் குழந்தைக்கு அதில் வண்ணம் வழிவதில்லை, தாள் கிழிவதில்லை, ஒரு பொத்தானில் பிழை மறைந்துவிடுகிறது.

பரிசுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல் இங்கேதான் அதிகம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர், மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். பரிசுக்காக அன்று வரைந்த படங்களின் தரமும் குறைவாக இருந்தது. விருப்பத்தோடு செய்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிவிட்டது. வாரம் ஒரு போட்டி, மாதம் ஒரு கோப்பை என்று விளம்பரம் செய்யும் வகுப்பைக் கண்டால் நான் தயங்குவது இதனால்தான்.

அப்படியானால் பாராட்டவே கூடாதா? தாராளமாகப் பாராட்டலாம், பார்த்துவிட்டுப் பாராட்ட வேண்டும். "சூப்பர்" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்வது குழந்தைக்குத் தெரிந்துவிடும். "இந்த இடத்துல மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தமா தேய்ச்சிருக்கே?", "இந்த ஆள் எங்க ஓடறான்?" என்று கேட்டால் உண்மையில் பார்த்திருக்கிறீர்கள் என்று அதற்குப் புரியும். "இது என்ன?" என்ற கேள்வியைத் தவிர்ப்பது நல்லது. வரைந்தது புரியவில்லை என்று சொல்வதாக அது ஒலிக்கும். கிறுக்கும் வயதில் பல நேரம் அது எதுவுமாகவும் இருக்காது. "இதைப் பத்திச் சொல்லேன்" என்றால் போதும், கதை தானாக வரும்.

வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டிலும் இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும். ஒருபக்கம் அச்சான தாள்கள், பழைய செய்தித்தாள், கிரேயான், கரித்துண்டு, அழுக்கானால் கவலையில்லாத ஒரு மூலை, தினமும் யாரும் குறுக்கிடாத அரை மணி நேரம். வகுப்பு கூடுதலாகத் தருவது மற்றக் குழந்தைகளை. ஒரே பூனையைப் பத்துப் பேர் பத்து விதமாக வரைந்திருப்பதைப் பார்ப்பதும், ஒரே பசைப்புட்டிக்காகக் காத்திருப்பதும், தன் படத்தைப் பற்றி நாலு பேர் முன் பேசுவதும் வீட்டில் தனியே கிடைக்காது.

படங்களை எல்லாம் சேர்த்துவைக்க முடியாது, வேண்டியதும் இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்றைக் குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதுவும் அதன் முடிவாகவே இருக்கட்டும். பின்பக்கம் தேதியையும் படத்தைப் பற்றி அது சொன்ன வாக்கியத்தையும் அப்படியே எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து வரிசையாகப் பரப்பினால் தலையிலிருந்து கை எப்போது தோளுக்கு இறங்கியது, தரைக்கோடு எந்த மாதம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியரிடம் பேசப் போகும்போது அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.